ஒற்றைக் கோடு

ஐந்தாம் குறுக்குத் தெருவில்
கொச்சிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு கணினி, ஓயாத தும்மல்.
எனக்குத் தந்த வேலை சின்னது:
கடன் கொப்பியை மென்பொருளாக்கு.
பொத்தான்கள் வைத்தாயிற்று.
மூன்று மொழியிலும் பெயர் எழுதியாயிற்று.
பதிவதை எந்த உருவில் வைப்பது,
அது மட்டும் மிச்சம்.

எனக்கு முன் இதைச் செய்தவன் கஜமுகன்.
தான் மட்டுமே அறிந்த இரும எழுத்தில்
எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைத்தான்.
பொய் சொல்லக்கூடாது, மின்னல் வேகம்.
பிறகு கனடா போனான்
திறப்பையும் கொண்டு.
கோப்பு இன்னும் இருக்கிறது, நாற்பது எம்பி.
நோட்பேடில் திறந்தால் சதுரம் சதுரமாய்க் கொட்டும்.
இடையில் பாமினியில் அடித்த ஒரு மஞ்சள்
ஆங்கில எழுத்தாய்ச் சிதைந்து,
ஒவ்வொரு மெய்க்கும் ஓர் அரைப்புள்ளி தெறிக்க,
தப்பிக் கிடக்கும்.

ஆகவே நான் வெறும் உரையில் தொடங்கினேன்.
யாரும் திறக்கலாம், யாரும் வாசிக்கலாம்,
காற்புள்ளிதான் வேலி.
'அவிசாவளை, பஸ் நிலையத்துக்கு எதிரே, நீலக் கதவு'
என்று ஒருவர் விலாசம் தந்தார்.
வேலி மூன்றாய்ப் பிளந்து
நீலக் கதவு
கடன் தொகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எக்ஸ்எம்எல் பார்த்தேன்.
ஒரு ரூபாய்க்கு முன்னால் ஒரு காவலாளி,
பின்னால் ஒரு காவலாளி,
இரண்டு பேரும் ஒரே பெயரைக் கூவுகிறார்கள்.
கறுவாவை விடச் சாக்கு பாரம்.

கடைசியில் தரவுத்தளம்.
எழுதினால் முழுதாய் எழுதும்,
இல்லையேல் எழுதவே எழுதாது.
சோதிக்க நானே பன்னிரண்டு தரம்
பிளக்கைப் பிடுங்கினேன்.
தராசுக்கார மௌஜூத்
எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று
பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தான்.
பன்னிரண்டு தரமும் ஒரு சதம் பிசகவில்லை.

ரம்ஸீன் முதலாளிக்குக் காட்டினேன்.
கடுவலை சுமனாவதி, எண்பத்து நாலாயிரம்.
ஒரு சொடுக்கு. பூச்சியம்.
"பழசு எங்க?"
மாற்றிவிட்டேன் என்றேன்.
அவர் கொப்பியை இழுத்துத் திறந்தார்.
அதே பெயர், அதே தொகை,
மேலே ஒற்றைக் கோடு,
கோட்டுக்குக் கீழே இலக்கம் தெளிவாய்.
நான் உருகத் தயாரானேன்.
மன்னித்ததற்கு ஒரு சாட்சி, அப்படி ஏதாவது சொல்வார் என்று.
"ரெண்டாந்தரம் வந்து கடன் கேட்டா
எனக்குத் தெரியவேணாமா, புள்ள?"

சரி. அப்படியென்றால்
எந்த வரியும் அழியாது.
திருத்தம் என்பது கீழே இன்னொரு வரி.
அட்டவணையில் ஒரு திகதி, ஒரு காரணம், ஒரு கை.
இரவு எட்டுக்குக் கடை பூட்டுமுன்
எல்லாம் ஒருதரம் வெறும் உரையாகவும் இறங்கும்,
நானும் எங்காவது போய்விட்டால்
யாரோ நோட்பேடில் திறக்க.
முடிந்தது என்று நினைத்துக் கொப்பியை மூடப்போனேன்.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில்
ஒரு வரி.
கோடு அல்ல.
பேனை போய் வந்து போய் வந்து
தாள் கிழியும்வரை கறுப்பு.
பெயரும் இல்லை, தொகையும் இல்லை,
பின்பக்கத்தில் தடவினால் மேடு மட்டும்.
"இது?" என்றேன்.
அவர் பக்கத்தைத் திருப்பினார்.
"மல்லிக்கு இண்டைக்கு என்ன வெல?"
என்று மௌஜூதைக் கேட்டார்.

நூற்றியோராம் இலக்க பஸ்ஸில்
காலிமுகத்தில் கடல் வந்து போகும்வரை
அந்த வரியை எந்த வகையில் பதிவதென்று யோசித்தேன்.
வெற்று என்றால் ஒன்றும் எழுதப்படவில்லை என்று பொருள்.
பூச்சியம் என்றால் ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.
இது இரண்டும் இல்லை.
நான் எழுதிய உருவில்
கறுப்புக்கு இடமில்லை.

அடுத்த புதன் போகும்போது கேட்க வேண்டும்.
கேட்கமாட்டேன்.
117 என்று மட்டும்
கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன்,
வெறும் உரையாக.